நாய், பூனைக்கு வரும் தொற்றுநோய்கள்: ஆபத்து ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

1978-ல் உலகின் பல நாடுகளில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நாய்கள் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சாகத் தொடங்கின. கால்நடை மருத்துவம் அதற்கு முன் பார்த்திராத நோய் அது. பூனைகளையும் அவற்றைப் போன்ற சில விலங்குகளையும் தாக்கிவந்த ஒரு வைரஸ், மரபணுவில் ஏற்பட்ட சில மாற்றங்களால் நாய்க்குத் தாவியிருந்தது. எந்த நாயின் உடலிலும் அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாததால் இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்று குட்டிக்குப் போடும் முதல் தடுப்பூசியிலேயே இடம்பெற்றிருக்கும் பார்வோதான் அது. வைரஸ் அதோடு நிற்கவும் இல்லை. முதலில் வந்த வகையால் பூனையைத் தொற்ற முடியாது. சில ஆண்டுகளில் அதன் இடத்தைப் பிடித்த புது வகைகளுக்கு அதுவும் முடிந்தது.

"போன நாய்க்கு ரெண்டு ஊசிதான் போட்டோம், பன்னிரண்டு வருஷம் நல்லாத்தானே இருந்தது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த நாய் வாழ்ந்த காலத்தில் அந்த இடத்தில் இருந்த கிருமிகளும் கொசுக்களும் உண்ணிகளும் வேறு. இப்போது இருப்பவை வேறாக இருக்கலாம். இந்தக் கட்டுரை அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியது.

ஒரு விலங்குக்குத் தொற்றுநோய் வர மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். கிருமி அந்த இடத்தில் இருக்க வேண்டும். அது விலங்கின் உடலுக்குள் போக ஒரு வழி வேண்டும். அது கொசு, உண்ணி, எலியின் சிறுநீர், உணவு, இன்னொரு நாயின் இருமல் என்று எதுவாகவும் இருக்கலாம். அப்புறம், அந்த விலங்கின் உடலில் எதிர்ப்புச் சக்தி போதாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் ஆபத்து கூடும் அல்லது குறையும். ஒரு நோய் புதிதாக வந்திருக்கிறது என்ற செய்தியைப் பார்க்கும்போது, மூன்றில் எது மாறியது என்று கேட்டுப் பார்த்தால் பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

வெயிலும் கொசுவும்

இதயப்புழு நோயை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை ஒரு நோயின் எல்லையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் குறைவு.

நோயுள்ள நாயின் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் மிதந்துகொண்டிருக்கும். கொசு ரத்தம் குடிக்கும்போது அவையும் சேர்ந்து போகின்றன. உடனே அடுத்த நாய்க்குத் தொற்ற அவற்றால் முடியாது. கொசுவின் உடலுக்குள் வளர்ந்து, தொற்றும் பருவத்தை எட்ட வேண்டும். அந்த வளர்ச்சிக்குச் சூடு தேவை. 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். 27 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுமார் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான். குளிர்ந்த இடத்தில் புழு வளர்ந்து முடிவதற்குள் கொசு செத்துவிடுகிறது, நோய் அங்கேயே முடிகிறது. சூடான காலம் ஆண்டுக்குச் சில வாரங்கள் நீண்டால் போதும், அதே இடத்தில் புழு முந்திக்கொள்ளும். கொசு அதேதான், நாயும் அதேதான். இடையில் இருந்த தடுப்பு மட்டும் போய்விடுகிறது.

நாயின் உடலுக்குள் போன இளம்புழு ஆறேழு மாதம் கழித்து நுரையீரல் தமனிகளிலும் இதயத்திலும் முழு வளர்ச்சி அடைகிறது. பெண் புழு 30 சென்டிமீட்டர் வரைகூட நீளும், பல ஆண்டுகள் உயிர்வாழும். நாய் கொஞ்சம் இருமும், நடைக்குப் போனால் சீக்கிரம் களைத்துவிடும். வயதாகிவிட்டது என்று பலர் விட்டுவிடுவார்கள். பூனைக்கும் இது வரும். அதன் உடலில் புழு ஒன்றிரண்டுதான் இருக்கும், ஆனால் நுரையீரலுக்கு நேரும் சேதம் பெரியது. வளர்ந்த புழுவைக் கொல்லப் பூனைக்குப் பாதுகாப்பான மருந்தும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதயப்புழுவுக்கு மாதம் ஒரு முறை கொடுக்கும் தடுப்பு மருந்து கொசுக் கடியைத் தடுப்பதில்லை. கடந்த ஒரு மாதத்தில் உள்ளே வந்த இளம்புழுக்களைப் பின்னோக்கிப் போய்க் கொல்கிறது. அவை கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அந்த மருந்துக்கு அவ்வளவாக அசையாது. அதனால்தான் இரண்டு மூன்று மாதம் மறந்துவிட்டு மறுபடி தொடங்குவது பெரிய ஓட்டை. வளர்ந்த நாய்க்கு முதன்முறையாக இதைத் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ரத்தத்தில் ஏற்கெனவே குஞ்சுப் புழுக்கள் ஏராளமாக இருந்தால், அவை ஒரேயடியாகச் சாகும்போது நாய்க்கு மோசமான எதிர்வினை வரலாம்.

மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா நோயும் இதே பாதையில்தான் போகிறது. ஐரோப்பாவில் மத்தியதரைக் கடலை ஒட்டிய நோயாக இருந்த அது, 1990களிலிருந்து இத்தாலியின் வடபகுதியிலும் நிலைகொண்டுவிட்டது. தொற்றிய பிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில்கூட, ஒன்றும் தெரியாமல் இருக்கும். தோல் உரிந்து, நகம் அசாதாரணமாக நீண்டு, உடம்பு மெலியும்போதுதான் சந்தேகமே வரும்.

உண்ணி

2020 மே மாதம் வரை ஆஸ்திரேலியாவில் எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் உள்நாட்டு நாய்களிடம் இல்லை என்றே நம்பியிருந்தார்கள். அந்த மாதம் நாட்டின் வடமேற்கில் உள்ள கிம்பர்லி பகுதி நாய்களிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. தேடத் தொடங்கியதும் வடபகுதி நெடுகிலும் தென்பட்டது. அதைச் சுமக்கும் பழுப்பு நாய் உண்ணி அங்கே நெடுங்காலமாக இருந்ததுதான். கிருமி மட்டும்தான் புதிதாக வந்து சேர்ந்தது. மூன்றில் ஒன்று மாறினால் போதும் என்று சொன்னதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது.

பிரிட்டனில் 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் எசெக்ஸ் பகுதியில் சில நாய்களுக்குப் பபேசியா நோய் வந்தது. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் நோய் அது. அதுவரை வெளிநாடு போய்வந்த நாய்களிடம்தான் அதைப் பார்த்திருந்தார்கள். இந்த நாய்கள் எங்கேயும் போகாதவை. உள்ளூர் உண்ணிகளிலேயே கிருமி குடியேறிவிட்டது.

பழுப்பு நாய் உண்ணியைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மற்ற உண்ணிகள் பலவற்றுக்குப் புல்லும் புதரும் வேண்டும், இதற்கு வேண்டாம். வீட்டுக்குள்ளேயே, சுவர் விரிசலிலும் நாய் படுக்கும் இடத்தின் ஓரத்திலும் முழு வாழ்க்கையையும் ஓட்டிவிடும். நாயின் ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாயின் மேல் நான்கைப் பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். படுக்கையையும் சுவரோரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தினமும் தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காது மடலின் உள்பக்கம், விரல்களுக்கு இடையில், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வாலின் கீழே. இந்த இடங்களில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். கிடைத்தால் சின்ன இடுக்கியைத் தோலை ஒட்டி வைத்து, உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, நிதானமாக நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்பு வைப்பது, வெறும் விரலால் நசுக்குவது எல்லாம் வேண்டாம். எர்லிக்கியா உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே உள்ளே போய்விடக்கூடியது. எனவே பிடுங்குவதை மட்டும் நம்பாமல், உண்ணியைக் கொல்லும் மாத்திரையோ சொட்டு மருந்தோ ஒழுங்காகக் கொடுப்பதே பெரிய பாதுகாப்பு. பூனை இருக்கும் வீட்டில் கவனம் தேவை. நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போடவே கூடாது.

எர்லிக்கியாவின் குணமும் சேர்த்துத் தெரிய வேண்டும். முதலில் காய்ச்சல், சாப்பிடாமல் இருத்தல், சில சமயம் மூக்கில் ரத்தம். அது தானாகவே தணிந்து நாய் தேறிவிட்டது போலத் தெரியும். மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பாதித்து, ரத்த அணுக்கள் சரியும்போது காப்பாற்றுவது கடினம். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்கே கட்டுப்படும்.

எலி, வெள்ளம், நகரம்

எலிக்காய்ச்சல் வேட்டை நாய்க்கும் பண்ணை நாய்க்கும் வருவது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. இப்போது சோபாவில் படுத்திருக்கும் சின்ன நாய்களுக்கும் வருகிறது. நகரத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் நாய் கால் வைத்தாலோ நக்கினாலோ போதும். பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பின்னால் நோய் கூடுவதும் இதனால்தான். காய்ச்சல், வாந்தி, தசை வலி, மஞ்சள் காமாலை, சிறுநீர் திடீரென்று குறைவது ஆகியவை அறிகுறிகள். சிறுநீரகமும் கல்லீரலும் வேகமாகப் பாதிக்கப்படும். நாயின் சிறுநீர் வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம்.

இந்தக் கிருமியில் பல உள்வகைகள் உண்டு. பழைய தடுப்பூசிகள் இரண்டு வகைகளுக்கு எதிரானவை. காலப்போக்கில் மற்ற வகைகளால் நாய்கள் நோயுறுவது தெரியவந்ததும் நான்கு வகைகளுக்கு எதிரான ஊசி பல நாடுகளில் வந்தது. அதன் பாதுகாப்பும் சுமார் ஓராண்டுதான். பார்வோவுக்கும், மூச்சுப்பாதையையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கும் குட்டிப் பருவ ஊசிகள் முழுமையாக முடிந்துவிட்டால் பொதுவாக மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தாங்கும். எல்லா ஊசியும் ஒரே காலம் வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டு எலிக்காய்ச்சல் ஊசியைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

நாம் தூக்கிக்கொண்டு போகிறவை

வெப்பநிலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் கணிப்பில், நாய் பூனைகளின் நோய் வரைபடத்தை அதைவிட வேகமாக மாற்றுவது மனிதர்கள்தான். கொசு ஓராண்டில் நகரும் தூரத்தை ஒரு விமானம் ஒரு மணி நேரத்தில் கடக்கிறது.

2005-ல் அமெரிக்காவின் தென்கடற்கரையைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, வீடிழந்த நாய்களை நாட்டின் பல பகுதிகளுக்கு ஏற்றிச் சென்று தத்துக் கொடுத்தார்கள். அருமையான காரியம். ஆனால் இதயப்புழு மிகுந்த பகுதி அது. பல நாய்கள் புழுவோடுதான் போயின. பிரிட்டனில் 2020-க்குப் பிறகு நாய்களைத் தாக்கும் புரூசெல்லா பாக்டீரியா தெரியத் தொடங்கியதும் இப்படித்தான், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்து வந்த நாய்கள் மூலம். கருச்சிதைவும் முதுகு வலியும் தரும் இந்தப் பாக்டீரியாவை உடலிலிருந்து முழுமையாக அகற்றிவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மனிதருக்கும் தொற்றும்.

பூனைகளில் இதற்கு ஒரு கடுமையான உதாரணம் பிரேசிலிலிருந்து வருகிறது. ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை முள் குத்தியவர்களுக்கும் தோட்ட வேலை செய்பவர்களுக்கும் எப்போதாவது புண் தரும் ஒன்றாகத்தான் அறியப்பட்டிருந்தது. அதன் ஒரு வகை, 1990களின் கடைசியிலிருந்து ரியோ டி ஜெனிரோவில் பூனைக்குப் பூனை, பூனையிடமிருந்து மனிதருக்கு என்று கீறல், கடி வழியாகப் பரவத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான மனிதர்களுக்குத் தொற்றியது. அண்டை நாடுகளுக்கும் போனது. பிரேசிலிலிருந்து வந்த ஒரு பூனையால் பிரிட்டனிலும் சிலருக்கு வந்தது. பூனையின் மூக்கிலும் முகத்திலும் ஆறாத புண் இருந்து, அது வேறு நாட்டில் வாழ்ந்த பூனை என்றால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

தத்தெடுக்க வேண்டாம் என்று சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. தூரத்திலிருந்து வரும் விலங்கு எங்கே வாழ்ந்தது என்று கேளுங்கள். அந்த இடத்தில் உள்ள நோய்களுக்குப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வரும்வரை வீட்டில் உள்ள மற்ற விலங்குகளிடமிருந்து தள்ளி வையுங்கள். இவ்வளவு செய்தாலே பெரும்பகுதி ஆபத்து குறைந்துவிடும்.

பச்சை இறைச்சியும் பறவைக் காய்ச்சலும்

எச்5என்1 பறவைக் காய்ச்சல் பூனை இனத்தை எவ்வளவு மோசமாகத் தாக்கும் என்பது 2004-லேயே தாய்லாந்தில் தெரிந்துவிட்டது. அங்கே ஒரு விலங்குக் காட்சிசாலையில் பச்சைக் கோழி தின்ற புலிகள் கூட்டமாக இறந்தன. 2023-ல் போலந்தில் வீட்டுப் பூனைகள் பல இறந்தன. அதே ஆண்டு தென் கொரியாவில் பூனைக் காப்பகங்களில் நோய் வந்தபோது, சரியாகக் கிருமி நீக்கப்படாத பூனை உணவிலேயே வைரஸ் இருந்தது. 2024-ல் அமெரிக்கப் பால் பண்ணைகளில் மாடுகளுக்கு இந்த வைரஸ் தொற்றியபோது, காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் நரம்புக் கோளாறு, பார்வை இழப்பு என்று சில நாட்களில் செத்தன. நாய்க்கும் தொற்றலாம், ஆனால் பூனை அளவுக்கு விழுவதில்லை.

பச்சை இறைச்சிதான் இயற்கையான உணவு என்ற பேச்சு வலுத்திருக்கும் நேரத்தில் இது நடக்கிறது. என் கருத்து வெளிப்படையானது. பூனைக்குப் பச்சைக் கோழியோ வாத்தோ காய்ச்சாத பாலோ கொடுக்காதீர்கள். உறைய வைத்தால் வைரஸ் செத்துவிடும் என்று நம்ப முடியாது. நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். செத்த பறவைகள் கிடக்கும் காலத்தில் பூனையை வெளியே விடாமல் இருப்பதும் நல்லது.

ஆபத்து குறைந்த கதையும் உண்டு

பல பூனைகளின் குடலில் எப்போதாவது ஒரு கொரோனா வைரஸ் வந்துபோகும். லேசான கழிச்சலோடு முடிந்துவிடும். சில பூனைகளில் மட்டும் அது உடலுக்குள்ளேயே உருமாறி, வயிற்றில் நீர் கோத்து, கொல்லும் நோயாகிறது. அதை எஃப்ஐபி என்கிறார்கள். பல பத்தாண்டுகளாக அந்தப் பெயர் கேட்டாலே முடிவுதான். 2019-ல் ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தின் ஆய்வு முடிவுகள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. இப்போது சிகிச்சை கிடைக்கும் பூனைகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

அதே நோயில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 2023-ல் சைப்ரஸ் தீவில் பூனைகள் ஏராளமாக எஃப்ஐபியால் விழுந்தன. பூனை வைரஸ் ஒன்று நாய்க் கொரோனா வைரஸின் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு புது வகையாகியிருந்தது. வழக்கமான எஃப்ஐபி ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவாது. இது தாவியது. மனிதர்களின் கோவிட் சிகிச்சைக்காக வைத்திருந்த மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்த நாட்டு அரசு அனுமதித்தது.

பழைய நோய்கள் எங்கும் போகவில்லை

புது வைரஸ் செய்திகளைப் படித்துப் பயப்படுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அதிகமாகக் கொல்வது இன்னும் பழைய நோய்களே. ரேபிஸால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 மனிதர்கள் இறக்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அதில் 99 சதவீதம் நாயிடமிருந்து. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டாலே நாயிடையே பரவும் சங்கிலி அறுந்துவிடும். அமெரிக்காவில் நாய்க்கு நாய் பரவும் ரேபிஸ் வகை ஒழிந்துவிட்டதாக 2007-ல் அறிவித்தார்கள். காட்டு விலங்குகளிடம் ரேபிஸ் இன்னும் இருக்கிறது. அங்கே இப்போது ரேபிஸ் அதிகம் கண்டுபிடிக்கப்படும் வீட்டு விலங்கு பூனை. ஊசி போடாத பூனைகள் அதிகம் என்பதுதான் முக்கியக் காரணம். வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு எதற்கு ஊசி என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பார்வோவிலும் டிஸ்டெம்பரிலும் பெரும்பாலான சாவுகள் நடப்பது ஒரு சின்ன இடைவெளியில். தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்புப் பொருள் நோயைத் தடுக்கிறது. அதே பொருள் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ஏற்கெனவே ரெண்டு போட்டாச்சே" என்று பத்தாவது வாரத்தில் நிறுத்தினால், அந்த இரண்டும் பிடிக்காமலே போயிருக்க வாய்ப்புண்டு. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். கைக்குத் தடவும் சாராயக் கலவைக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும். பார்வோவில் செத்த நாய் இருந்த வீட்டுக்கு ஊசிகள் முடியாத குட்டியைக் கொண்டுவரக் கூடாது.

மருத்துவரிடம் என்ன சொல்வது

ஆண்டுக்கு ஒரு முறை ஊசிக்குப் போகும்போது அட்டையை நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கடந்த ஓராண்டில் என்ன மாறியது என்று சொல்லுங்கள். வீடு மாறினோமா, நாயைப் பயணத்தில் கூட்டிப்போனோமா, நாய்கள் தங்கும் விடுதியில் விட்டோமா, உணவை மாற்றினோமா, எலி கூடியிருக்கிறதா, புதிதாக ஒரு பூனை வந்திருக்கிறதா. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை வெளியேற்றத் தேவையில்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்த பிறகு தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை ஆகும். மலத் தட்டை தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும்.

விலங்குக்கு உடம்பு சரியில்லாமல் போனால், மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களே கொடுத்துப் பார்க்காதீர்கள். நாய்த் தோலில் வாழும் ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை பல மருந்துகளுக்கு அடங்காததாகிவிட்டதற்கு ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுத்ததும் ஒரு காரணம். இருமும் நாயாக இருந்தால், கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் அறையில் மற்ற நாய்களோடு உட்கார வைக்காமல் நேராக உள்ளே அழைத்துக்கொள்வார்கள். உங்களையோ குழந்தையையோ எந்த நாயாவது பூனையாவது கடித்தால், அது ஊசி போட்டதா இல்லையா என்று விசாரிக்கும் முன், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே மனித மருத்துவரிடம் போய்விடுங்கள். ரேபிஸுக்கு அறிகுறி வந்த பிறகு சிகிச்சை இல்லை. கடித்த உடனே ஊசி தொடங்கினால் அது வரவே வராமல் தடுக்க முடியும்.